சிகியூசி இன்ஸ்பெக்‌ஷன் அன்று உங்களிடம் என்ன கேட்டார்கள்?

ஹரோ மனேஜர்:
இங்கிலாந்தில கெயர் ஹோமிலையும் ஹோம் கெயரிலையும் வேலை செய்யிற, அதை நடத்துற எங்கட ஆக்கள் இங்க கனபேர் இருக்கிறீங்கள். கெயர் இடங்களைச் சோதிச்சுத் தரம் போடுற அமைப்பான சிகியூசி 2023 கடைசியில புது மதிப்பீட்டு முறையைக் கொண்டு வந்த பிறகு, அதில உள்ள 34 தர வாசகங்களுக்கும் ரெடிமேட் பதில் எழுதி விக்கிற கொன்சல்டன்ட்மாரும் பெருகிட்டினம். அதுக்குக் காசு குடுக்க முதல், உண்மையில அண்டைக்கு என்ன நடந்தது எண்டு ஆளாளுக்குச் சொன்னா நல்லம். நான் தொடங்கிறன்.

எங்களிட்டச் சொல்லாமல்தான் வந்தவை. காலமை, இரவு ஸ்டாஃப் பகல் ஸ்டாஃபிட்டப் பொறுப்புக் குடுக்கிற நேரம். பொலிசி ஃபைல் எல்லாம் அலுமாரியில வரிசையா நிண்டது. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கமே போகேல்லை. நேர மேல்மாடிக்குப் போய், படுக்கையில இருக்கிற ஒரு அம்மாவின்ர காத்து மெத்தைப் பம்பைக் குனிஞ்சு பாத்தா. பிறகு அவவின்ர நிறை என்ன எண்டு கேட்டா. படுக்கைப் புண் வரக்கூடாது எண்டு போடுற மெத்தை, ஆளின்ர நிறைக்குச் செற் பண்ணாட்டி அதாலேயே புண் வரும். எங்கடது சரியா இருந்தது. உடன அடுத்த கேள்வி: "இதை ஆர் பாக்கிறது, எங்க எழுதுறனீங்கள்?"

பார்க்கின்சன் வருத்தம் உள்ள ஐயா ஒருத்தரின்ர மருந்துச் சார்ட்டையும் எடுத்தவ. கையெழுத்து விடுபட்டிருக்கோ எண்டதோட நிக்கேல்லை. குளுசை குடுத்த நேரத்தைப் பாத்தா. அது அரை மணித்தியாலம் பிந்தினாலே சில பேருக்கு உடம்பு விறைச்சு எழும்ப ஏலாமல் போயிடும். "மருந்து றவுண்ட் முடியிற நேரம் இல்லை, இவரின்ர நேரம் எது?" எண்டு கேட்டது ஒரு புதுப் பிள்ளையிட்ட. பிள்ளை சொல்லிச்சுது. எனக்கு அப்பதான் மூச்சு வந்தது.

மத்தியானம் சாப்பாட்டு அறை மூலையில இருந்து எழுதிக்கொண்டே இருந்தவ. வாயால சொல்ல ஏலாத மறதி நோய்க்காரரைச் சுத்தி என்ன நடக்குது எண்டு பாக்க ‘சோஃபி’ எண்டொரு முறை வைச்சிருக்கினம்: ஆர் வந்து கதைக்கினம், எப்பிடிக் கதைக்கினம், ஆளின்ர முகம் எப்பிடி மாறுது எண்டு நேரம் பிரிச்சுக் குறிக்கிறது. எங்கட பிள்ளையள் ரெண்டு பேர் ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குத் தீத்திக்கொண்டு, அவவின்ர தலைக்கு மேலால தங்களுக்குள்ள தமிழில சீரியல் கதை. சாப்பாடு மசிச்ச பதம் சரி, இருத்தின விதம் சரி, எழுதி வைச்சதும் சரி. றிப்போட்டில வந்தது அந்தச் சீரியல் கதைதான்.

நைட் டூட்டி:
எங்கட இடத்தில திக்கனர் டின். விழுங்கக் கஷ்டப்படுற ஆக்களுக்குத் தண்ணியில கலக்கிற மா. ட்ரொலிக்கு மேல மூடி திறந்தபடி இருந்ததைக் கண்டவுடன, வேற எதையும் விட்டுட்டு இன்ஸ்பெக்டர் அதைத்தான் கேட்டவர். அந்த மாவைச் சும்மா வாயில போட்டா தொண்டையில ஒட்டி மூச்சு அடைக்கும். 2015இல என்எச்எஸ் இங்கிலாந்து இதுக்கெண்டே எச்சரிக்கை விட்டது. பத்து வருசம் கழிச்சும் பாதி இடங்களில அது தேத்தண்ணி ட்ரொலியிலதான் நிக்குது எண்டு சொல்லிச் சலிச்சவர்.

திருச்சி சிஸ்டர்:
அக்கா, நான் ஊர்ல ஜிஎன்எம் நர்சிங் படிப்பு முடிச்சு வார்டுல இருந்தவ. 2023ல கேர் ஒர்க்கர் விசாவுல கென்ட் பக்கம் வந்தேன். மெத்தை, மருந்து எல்லாம் எனக்குப் பயமே இல்ல. என்னை உறைய வச்சது வேற கேள்வி. இன்ஸ்பெக்டர் அம்மா தனி ரூம்ல உட்கார வச்சு, "இங்க ஒருத்தரைத் தப்பா நடத்துறதைப் பார்த்தா யார்கிட்ட சொல்வீங்க?"ன்னு கேட்டாங்க. சீனியர், அப்புறம் மேனேஜர்னு சொன்னேன். "மேனேஜரே செஞ்சா?" கவுன்சில்ல இந்த மாதிரி கொடுமைப் புகாரை விசாரிக்கிற சேஃப்கார்டிங் டீம், இல்லேன்னா சிகியூசி. டிரெயினிங்ல படிச்சதுதான், தெரியும். ஆனா வாயே வரல. என் ஸ்பான்சர்ஷிப் அந்த முதலாளி கையில. வீட்டுக்காரரும் பையனும் என் விசாவை நம்பித்தான் வந்திருக்காங்க. 2024 மார்ச் 11க்கு அப்புறம்னா அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கவே முடியாது. சொல்லிட்டு எங்க போறது?

அந்த அம்மா அவசரப்படுத்தல. "சரி, உங்க ரோட்டாவை, அதான் டூட்டி அட்டவணையைப் பத்திச் சொல்லுங்க"ன்னு வேற பக்கமா வந்தாங்க. கான்ட்ராக்ட்ல 39 மணி நேரம், குடுத்தது அதுல பாதிகூட இல்ல. அதைச் சொல்றது சுலபமா இருந்துச்சு. ஒண்ணு வந்ததும் மத்ததும் வந்துச்சு: விசாவுக்குன்னு முதலாளி சம்பளத்துல பிடிக்கிறது, லீவு கேட்டா "திருப்பி அனுப்பிடுவேன்"ங்கறது. ரிப்போர்ட்ல, குறை சொல்ல ஸ்டாஃப் தயங்குறாங்கன்னு எழுதி, நிர்வாகம் எப்படி இருக்குங்கற பகுதியில ‘ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’, அதாவது இன்னும் சரி பண்ணணும்ங்கற தரம் குடுத்தாங்க.

பின்னால, விசா விஷயம் பார்க்கிற ஹோம் ஆபீஸ் அந்த இடத்தோட ஸ்பான்சர் லைசென்ஸை எடுத்துட்டாங்க. எங்க இடம் மட்டும் இல்ல, 2022 ஜூலையிலேருந்து 2024 டிசம்பர் வரைக்கும் கேர் துறையில 470க்கு மேல ரத்தாச்சு. தப்பு செஞ்சது முதலாளி, 60 நாளுக்குள்ள வேற ஸ்பான்சர் தேடுன்னு லெட்டர் வர்றது நமக்கு. எங்க வட்டாரத்துல கவுன்சில்கள் சேர்ந்து, இப்படி நிக்கிறவங்களை வேற ஹோமோட சேர்த்து வைக்கிற குழு ஒண்ணு நடத்துறாங்க. அவங்க மூலமாத்தான் இப்போ இருக்கிற இடம் கிடைச்சுது. இங்க ஸ்டாஃப் டாய்லெட் கதவுக்கு உள்பக்கம் சேஃப்கார்டிங் நம்பரும் சிகியூசி நம்பரும் ஒட்டியிருக்கு. ஒட்டினதே மேனேஜர்தான். யார் கண்ணுலயும் படாம போன்ல ஏத்திக்கலாம். முதலாளிங்க யாராச்சும் படிச்சீங்கன்னா, கொன்சல்டன்ட் காசுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க.

லெஸ்டர் ஹோம்கேர்:
தங்கச்சி சொன்னதுல ஒரு வார்த்தைகூட மறுக்கல. 2024 டிசம்பர் 31லேருந்து ஸ்பான்சர் லைசென்ஸ் செலவு, ஸ்பான்சர்ஷிப் சர்டிஃபிகேட் கட்டணம் எதையும் வேலைக்காரங்க தலையில கட்டக் கூடாது. வெளிநாட்டு ஆளை ஸ்பான்சர் பண்ண முதலாளி அரசுக்குக் கட்டுற ஸ்கில்ஸ் சார்ஜ் எப்பவுமே கூடாது. இன்னமும் பிடிக்கிறவன் மாட்டட்டும்.

ஆனா ஓனர் பக்கக் கணக்கையும் பாருங்க. குறைஞ்சபட்சச் சம்பளம் 2025 ஏப்ரல்ல மணிக்கு 12.21 பவுண்ட் ஆச்சு. முதலாளி கட்டுற நேஷனல் இன்ஷூரன்ஸ் 15 சதவீதம். வருஷச் சம்பளம் 9,100 பவுண்டுக்கு மேல போனா கட்டணும்னு இருந்தது 5,000க்கு இறங்கிடுச்சு. எங்க மாதிரி கம்பெனிகளோட சங்கமான ஹோம்கேர் அசோசியேஷன் அந்த வருஷத்துக்கு இங்கிலாந்துல ஒரு மணி நேரக் கேருக்கு 32.14 பவுண்ட் வேணும்னு கணக்குப் போட்டுச்சு. பல கவுன்சில்கள் குடுக்கிறது அதுக்குக் கீழ. 2025 ஜூலை 22லேருந்து வெளிநாட்டுலேருந்து புது ஆள் எடுக்கவும் வழி இல்ல. இதெல்லாம் இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரியாது, எங்க ரோட்டா மட்டும்தான் தெரியும்.

எங்க அனுபவம்: ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடியே குடும்பங்களுக்குப் போன் போயிடுச்சு. பேசினது இன்ஸ்பெக்டரும் இல்ல, சொந்தத்துல இப்படி ஒருத்தரைப் பராமரிச்ச அனுபவம் உள்ளவங்க. சொன்ன நேரத்துக்கு வர்றாங்களா, தெரிஞ்ச முகமா, முழு நேரமும் இருக்காங்களா, இவ்வளவுதான் கேட்டிருக்காங்க. அப்புறம் ஜிபிஎஸ் பதிவை ரோட்டாவோட வச்சு, அரை மணி நேர விசிட் ஏன் 18 நிமிஷத்துல முடிஞ்சதுன்னு இன்ஸ்பெக்டர் ஒவ்வொண்ணா கேட்டார். ஒரு பெரியவர் கிரிக்கெட் ஓடுற நாள்ல "நீ கிளம்பும்மா"ன்னு அனுப்பிடுவார். அதை எங்க பொண்ணு அன்னன்னைக்கே எழுதி வச்சிருந்தா. அவரே போன்ல அதையேதான் சொல்லியிருக்கார்.

கிளாஸ்கோ:
இங்கே ஸ்காட்லாந்தில் சிகியூசி கிடையாது, கேர் இன்ஸ்பெக்டரேட். 1 முதல் 6 வரை கிரேடு. கேர் ஒர்க்கரும் எஸ்எஸ்எஸ்சி என்ற ஊழியர் பதிவு அமைப்பில் பதிவு செய்ய வேண்டும், இங்கிலாந்தில் அந்தப் பதிவே இல்லை. அங்கே படித்த கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு இங்கே வராதீர்கள்.

புதுசு:
அடுத்த மாசம் சிகியூசியில ரெஜிஸ்டர்ட் மேனேஜர் இன்டர்வியூ. சட்டப் பிரிவு எல்லாம் நம்பரோட சொல்லணுமா?

ஹரோ மனேஜர்:
நம்பர் ஒண்டும் என்னட்டக் கேக்கேல்லை தம்பி. ஒரு சம்பவம் சொல்லுவினம்: கெயரர் ஒராள் ஒரு ஐயாவின்ர கையை முறுக்கினதை இன்னொராள் கண்டிட்டா, அடுத்த ஒரு மணித்தியாலத்தில என்ன செய்வீர்? ஐயாவைப் பாக்கிறது முதல், டொக்டர் தேவையோ எண்டு பாக்கிறது, அந்த ஸ்டாஃபை ரோட்டாவில இருந்து எடுக்கிறது, கவுன்சிலுக்கும் தேவையெண்டா பொலிசுக்கும் அறிவிக்கிறது, சிகியூசிக்கு நோட்டிஃபிகேஷன், வீட்டாருக்கு ஒளிக்காமல் சொல்லுறது. நான் இந்த ஒழுங்கிலதான் சொன்னனான். அதோட நிண்டிருந்தா லேசு. "கண்டு வந்து சொன்ன அந்தப் பிள்ளை உங்கட விசாவில நிக்குது எண்டா?" எண்டு கேட்டவை. திருச்சித் தங்கச்சி எழுதினதைத் திரும்ப ஒருக்கா வாசிச்சிட்டுப் போம்.