மேட்டின் மேல் பழைய ஊர், புதிதாக 600 வீடுகள்: எங்கே வைப்பது?

கேள்வி
மேட்டின் மேல் மதில் சூழ்ந்த பழைய சிற்றூர். மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் ஆறு. 15 ஆண்டுகளில் 600 வீடுகள் வர வேண்டும். மதிலைச் சுற்றி 500 மீட்டருக்குக் கட்டடத் தடை, அதற்கு வெளியே இரண்டு மாடி வரை அனுமதி என்பது வரைவுத் திட்டம். வயலுக்கு அப்பால் பைபாஸும் வருகிறது. தூரத்திலிருந்து தெரியும் ஊரின் தோற்றம் கெடாமலிருக்க இது போதுமா?

பதில் 1
போதாது. வட்டம் வரைவது சுலபம், அவ்வளவுதான். பிரான்சில் 1943-ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுச் சின்னங்களைச் சுற்றி 500 மீட்டர் என்று வைத்தது. நிலத்துக்கேற்ப எல்லையை மாற்றிக்கொள்ள அங்கேயே பிறகு வழி செய்தார்கள்.

முதலில் பார்வை இடங்களைக் குறியுங்கள்: சாலையில் ஊர் முதன்முதலாகக் கண்ணில் படும் வளைவு, பாலத்தின் நடு, எதிர்க்கரை. ஒவ்வொன்றிலிருந்தும் மதிலின் அடிக்கு ஒரு கோடு. இடையில் எந்தக் கட்டடமும் அந்தக் கோட்டுக்கு மேல் எழக்கூடாது, எழுந்தால் மதில் மறையும். கண் மட்டம் 100 மீ., 2,000 மீ. தள்ளி மதிலடி 130 மீ. என்று வையுங்கள். கண்ணிலிருந்து 500 மீட்டரில் உள்ள மனைமேல் கோடு 107.5 மீட்டரில் போகும். மனையின் தரை 101 என்றால் மிச்சம் 6.5 மீ. தரைத்தளமும் ஒரு மாடியுமே அதைத் தின்றுவிடும். மேலே தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை வேறு. அதனால் விதியை மாடிக் கணக்கில் எழுதாதீர்கள். (‘இரண்டு மாடி’ தரைத்தளத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா என்ற சண்டை தனி.) கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர், தொட்டியும் ஆன்டெனாவும் உட்பட என்று எழுதுங்கள். இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் தேவாலயக் கோபுரத்துக்காக வைத்திருக்கும் வரம்பும் மாடியில் இல்லை, 40 அடி என்றுதான்.

மதிலுக்குப் பின்பக்க நிலம் பலருக்கு மறந்துபோகும். ஊரின் கூரை வரிசைக்கு மேலே பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு அடுக்குமாடி, முன்னால் தாழ்வாக நிற்கும் பத்து வீடுகளைவிட அதிகம் கெடுக்கும். கணக்கு முடிந்ததும் மனையில் அந்த உயரத்துக்குப் பலூன் கட்டிப் பாருங்கள், காற்றில்லாத காலையில், மரங்கள் இலை உதிர்த்திருக்கும்போது.

பதில் 2
உயரத்தைவிட பைபாஸ்தான் எனக்குக் கவலை. சாலை போட்டதும் அதற்கும் மதிலுக்கும் இடையிலுள்ள வயல் ‘ஊருக்குள்’ இருப்பதாகத் தோன்ற ஆரம்பிக்கும். முதலில் பெட்ரோல் பங்க், பிறகு கிடங்கு, பிறகு மனைப்பிரிவு. சாலையின் உள்பக்கம் எந்தக் கிளைச் சாலைக்கும் மனைவாசலுக்கும் இணைப்பு இல்லை என்பதைச் சாலை அனுமதியிலேயே சேர்த்துவிடுங்கள். சாலை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

600 வீட்டுக்கு, ஹெக்டேருக்கு 20 வீதம் 30 ஹெக்டேர் வேண்டும். 40 வீதம் என்றால் 15 போதும். ஒட்டுச்சுவர் வீடுகளாகக் கட்டினால் 40 வந்துவிடும், பழைய தெருக்களும் அப்படித்தானே இருக்கின்றன. மதிலுக்குள் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் மேல்தளங்களையும் முதலில் எண்ணுங்கள். மீதியைப் பார்வைக் கோடு படாத சரிவில், கடைத்தெருவுக்கு 15 நிமிட நடைக்குள், ஒரே இடமாகச் சேர்த்து வையுங்கள். நாலு பக்கமும் பிய்த்துப் போட்டால் நாலு பக்கமும் கெடும்.

கேட்டவர்
அப்படிப்பட்ட சரிவு ஆற்றுப் பக்கம்தான் இருக்கிறது. மரம் வைத்து மறைத்துவிட்டால் வேறு பக்கமும் போகலாமா?

பதில் 3
மரத்தை நம்பாதீர்கள். கூரையை மறைக்கும் அளவு வளரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். ஒரு புயல் போதும், திரை போய்விடும்.

ஆற்றுப் பக்கம் என்றால் தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை என்றால் 500 கன மீட்டர். வயலாக இருக்கையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடுகிறது என்று வைத்தால் 100. கூரையும் தாருமாகி ஐந்தில் நாலு பங்கு ஓடினால் 400. மிகும் 300 கன மீட்டரை மனைப்பிரிவுக்குள்ளேயே தேக்கி மெதுவாக விடும் குளத்துக்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள். புதுச் சாலையை மண் கொட்டி உயர்த்தினால் மேட்டிலிருந்து இறங்கும் நீர் அதில் முட்டி வயலில் தேங்கும்.

ஆற்றைக் கடக்கும் பாலம் ஏதும் திட்டத்தில் இருந்தால் அதையும் பார்வைக் கணக்கில் சேருங்கள். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு 2009-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது உயரமான கட்டடத்தால் இல்லை, ஒரு பாலத்தால்.