கார்பஸ் கிறிஸ்டியில் கிறிஸ்துமஸ் பனி: 2004-இல் இங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

டெக்சாஸ் கடற்கரையில், கார்பஸ் கிறிஸ்டியில் இருக்கிறோம். நாகர்கோவிலிலிருந்து அம்மா வந்திருக்கிறார், வயது 71. வருஷாவருஷம் குடிலில் பஞ்சைப் பிய்த்துப் போட்டு எங்களுக்குப் பனி காட்டியவர். ஒருமுறையாவது நிஜப் பனியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார். தினமும் விடிந்ததும் பால்கனிக் கம்பியில் கை வைத்துப் பார்க்கிறார். 27-ஆம் தேதி ஊருக்குக் கிளம்புகிறார்.

போன திங்கள் செல்போன் ஆப்பில் 25-க்குப் பனிச் சின்னம் இருந்தது. மறுநாள் மழையானது, இப்போது வெறும் மேகம். வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்களில் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மாடல் இரண்டையும் பார்த்தேன். ஒன்று 3 டிகிரி செல்சியஸ் என்கிறது, மற்றது 11. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் ஈரம் போய்விடுகிறது, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரம் வந்தால் குளிர் போய்விடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பனி. 2004 கிறிஸ்துமஸுக்கு அப்படிச் சேர்ந்து இங்கே 4 அங்குலத்துக்கு மேல் விழுந்தது. டெக்சாஸிலேயே உள்ள விக்டோரியா ஊரில் ஒரு அடி.

அப்புறம், நியூ மெக்சிகோ மலைக்குக் காரில் போகலாமென்றால் அம்மாவின் முழங்கால் அவ்வளவு நேரம் தாங்காது. விமான டிக்கெட் கட்டுப்படியாகவில்லை.

2004-இல் பனி விழும் என்று எத்தனை நாள் முன்னால் உறுதியாகத் தெரிந்தது?