கமாரின்ஸ்காயா: ஒரே மெட்டு ஏன் இத்தனை முறை?

மாலைக்காற்று: ரஷ்ய இசையமைப்பாளர் மிகயீல் கிளிங்கா 1848இல் எழுதிய ‘கமாரின்ஸ்காயா’ என்ற வாத்தியக்குழு இசையை அண்மையில் கேட்டேன். நிதானமான திருமணப் பாட்டு ஓய்ந்து நடனம் தொடங்கியதும், ஒரு சிறு மெட்டு விடாமல் சுழல்கிறது. ரஷ்ய இசைக்கே இது அடித்தளம் என்கிறார்கள்; எனக்கோ சலிப்புத்தான் மிஞ்சியது. எதைக் கவனிக்கத் தவறினேன்?

தந்திக்கூடு: நண்பரே, முதலில் கமாரின்ஸ்காயா என்ற ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் குந்தியபடி கால்களை மாறிமாறி வீசி ஆடும் வேகமான நாட்டுப்புற நடனம் அது. பலலைக்கா என்ற ரஷ்யத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் குட்டி மெட்டொன்றையே திரும்பத் திரும்ப மீட்டுவார். அது எங்கும் முடிந்து நிற்பதில்லை. கடைசிச் சுரமே மறுபடி தொடங்கச் சொல்லித் தள்ளும். ஆடுகிறவரோ சுற்றுக்குச் சுற்று புதிய அடவு போடுவார்.

கிளிங்கா இந்த வழக்கத்தையே வாத்தியக்குழுவுக்குக் கொண்டுவந்தார். மூன்று தாளக்கட்டு நீளமுள்ள அந்த மெட்டு ஏறத்தாழ 75 முறை வருகிறது. சங்கதி சேர்ப்பதுபோல் மெட்டை வளர்க்காமல், அதைச் சுற்றியுள்ளவற்றை மாற்றிக்கொண்டே போகிறார். முதலில் வயலின்கள் துணையின்றி வாசிக்கின்றன. பிறகு கூடவே ஒலிக்கும் வேறொரு மெட்டு, அதாவது எதிர்மெட்டு, வந்து சேர்கிறது. ஓரிடத்தில் வில்லை விட்டுவிட்டுத் தந்திகளை விரலால் மீட்டச் செய்து பலலைக்காவின் ஒலியையே வரவழைக்கிறார். முடிவை நெருங்கும்போது கொம்பும் டிரம்பெட்டும் ஒரே சுரத்தைப் பிடிவாதமாக ஊதி மெட்டோடு மோதுவதைக் கேளுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும் இடம் அது.

பழையதட்டு: இன்னொன்றும் உண்டு. தொடர்பற்றவையாகத் தோன்றும் அந்த இரு மெட்டுகளும் உறவுள்ளவை. நடனத்தின் நடுவே கிளிங்கா நடனமெட்டைத் திருமணப் பாட்டின் சாயலுக்கு வளைத்து, அப்பாட்டுக்கே திரும்பிச் செல்கிறார். மெட்டைப் பிரித்து வளர்க்கும் ஜெர்மானிய முறை அவருக்கு ஒத்துவரவில்லை. 1852இல் தொடங்கிய ‘தாராஸ் புல்பா’ என்ற சிம்பொனியை (வாத்தியக்குழுவுக்கான பெரிய படைப்பு) அந்தத் தடத்திலிருந்து விலக முடியாமல்தான் கைவிட்டார். ஓக் மரம் முழுவதும் அதன் விதைக்குள் இருப்பதுபோல் ரஷ்ய சிம்பொனி மரபு முழுவதும் ‘கமாரின்ஸ்காயா’வுக்குள் இருக்கிறது என்று பிற்கால ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1888இல் நாட்குறிப்பில் எழுதியது இதை வைத்துத்தான் என்பது என் கருத்து. அவரும் 1878இல் சிறுவர்களுக்கான பியானோத் தொகுப்பில் இதே நடனத்தைச் சேர்த்தார். மிகச் சிறியது, அதிலிருந்து தொடங்குங்கள்.

மாலைக்காற்று: பியானோ வடிவத்தைக் கேட்டுவிட்டு கிளிங்காவிடம் திரும்பினேன். கொம்பு மோதும் இடம் பிடிபட்டது. நடனம் திருமணப் பாட்டாக வளையும் இடம் மட்டும் இன்னும் நழுவுகிறது, மறுபடி கேட்கிறேன்.