அசர்ட்டுக்குள் சைடு எஃபெக்ட்: கருவி பிடிக்குமா?

வேலன்:
ஜாவாவில் ஒரே ஒரு அசர்ட் வரியால் (ஒரு நிபந்தனை உண்மைதானா என்று சோதிக்கும் வரி) எங்கள் டீமே இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. அசர்ட்டுக்குள்ளேயே, லிஸ்ட்டிலிருந்து ஒன்றை நீக்கும் ரிமூவை அழைத்திருந்தோம். டெஸ்டில் ஒழுங்காக ஓடியது. ப்ரொடக்‌ஷனில் அசர்ட்டை யாரும் ஆன் செய்வதில்லை, ஜாவாவில் அது இயல்பாகவே ஆஃப். ஆஃப் என்றால் உள்ளே இருக்கும் அழைப்பும் ஓடாது, அதனால் ரிமூவ் நடக்கவே இல்லை. முடிந்த ஆர்டர்கள் லிஸ்ட்டிலேயே கிடந்து திரும்பத் திரும்பப் போயின. மூன்று பேர் ரிவ்யூ செய்தும் கண்ணில் படவில்லை. மெத்தடுக்கு சைடு எஃபெக்ட் உண்டா, அதாவது விடை தருவதோடு எதையாவது மாற்றியும் விடுகிறதா என்று, நிரலை ஓட்டாமலே ஆராயும் ஸ்டேட்டிக் அனாலிசிஸ் கருவிதான் பார்க்கணும், சந்தேகம் வந்தால் பில்டையே நிறுத்தணும்.

மதுமிதா:
ரிமூவ் என்றால் பேரே சொல்லிவிடுகிறது அண்ணா. மதிப்பை எடுத்துத் தரும் ‘கெட்’ மெத்தடை என்ன செய்வீர்கள்? என்ட்ரிகளை வரிசையாக வைக்கும் லிங்க்ட்ஹாஷ்மேப்பை ஆக்ஸஸ்-ஆர்டரில் (கடைசியாகத் தொட்டது கடைசியில்) உருவாக்கினால், கெட் அழைத்ததுமே அந்த என்ட்ரி வரிசையின் கடைசிக்குப் போய்விடும். இரண்டு என்ட்ரி இருந்தாலே போதும்: அதன் கீகளின் தொகுப்பான கீசெட்டில் லூப் ஓட்டியபடி கெட் அழைத்தால், நடுவில் மேப் மாறிவிட்டது என்று கன்கரண்ட்-மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் பிழை வரும். அழைக்கும் இடத்திலோ மேப் என்ற பொதுவான இன்டர்ஃபேஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், உள்ளே எந்த வகை மேப் என்று தெரியாது. அப்போது உலகத்தில் இருக்கும் எல்லா கெட்டையும் கருவி சந்தேகப்படுமா? இதற்குத் துல்லியமான விடை எப்போதும் கிடைத்துவிடாது என்று கணிதவியலாளர் ரைஸ் 1953-லேயே நிறுவிவிட்டார்.

வேலன்:
எல்லா நிரலுக்கும் சரியாகப் பதில் சொல்லும் கருவி கிடையாது, அவ்வளவுதான் அந்தத் தேற்றம். ‘தெரியவில்லை’ என்று சொல்லக் கருவிக்குத் தடை இல்லையே. தெரியாததை சைடு எஃபெக்ட் கணக்கிலேயே வைக்கட்டும்.

மதுமிதா:
வைத்தால், ஸ்ட்ரிங்குக்கு ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தரும் ஹாஷ்கோடே மாட்டிக்கொள்ளும். முதல் தடவை கணக்கிட்டதை அது தன் ஃபீல்டில் எழுதிவைக்கிறது. வெளியே யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. இப்படி நூறு எச்சரிக்கை வந்தால், உங்கள் அசர்ட்டும் அதற்குள் புதைந்துபோகும்.

கயல்:
எதில் எழுதுகிறது என்று பாருங்கள். ஆராய்ச்சியாளர்கள் சால்சியானுவும் ரினார்டும் 2005-ல் ஜாவாவுக்குக் கொடுத்த அனாலிசிஸில், மெத்தட் தானே உருவாக்கிய ஆப்ஜெக்ட்டை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். அழைப்புக்கு முன்பே இருந்ததை மாற்றினால்தான் அது ப்யூர் (சைடு எஃபெக்ட் இல்லாதது) இல்லை. மிச்சத்துக்கு ‘இது ப்யூர்’ என்று அனோட்டேஷன், அதாவது கோடிலேயே ஒரு குறிப்பு, போடுங்கள். ஆனால் ஒன்று, சி ஷார்ப்பில் ‘ப்யூர்’ என்று போட்டாலும் கம்பைலர் சரிபார்க்காது. ஜாவாவுக்கான சரிபார்ப்புக் கருவியான செக்கர் ஃப்ரேம்வொர்க்கும் தனியாக ஃப்ளாக் கொடுக்காவிட்டால் நீங்கள் எழுதியதை அப்படியே நம்பிவிடும்.

வேலன்:
ஃப்ளாக் விஷயம் தெரியாது, நன்றி. எங்கள் மெத்தடுகளுக்கு அனோட்டேஷன் போட்டுப் பார்க்கிறேன். அசர்ட்டில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அழைப்பை மேல் வரிக்குக் கொண்டுபோய் ஒரு பூலியனில் வாங்கிக்கொள்ள அரை நிமிஷம் ஆகுமா?

மதுமிதா:
அசர்ட்டுக்குள் என்றால் சரி அண்ணா. கெட்டுக்கு பில்டை நிறுத்த நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.