மீம்ல தமிழ் எழுத்து உடையுது, அவுட்லைன் போட்டா அடைச்சுக்குது – என்ன வழி?

நீலமுயல்
மூணு சிக்கல் ஒண்ணா நிக்குது மக்களே. ஃபோட்டோஷாப்ல தமிழ் பேஸ்ட் பண்ணா ‘கொ’வோட கொம்பு இடம் மாறி, ககரத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. ஃபான்ட் இம்பாக்ட்னு வெச்சாலும் எழுத்து தடிமனா வரல. வெள்ளை எழுத்துக்குக் கருப்பு அவுட்லைன் போட்டா ண, ஞ, இ எல்லாம் உள்ளே அடைச்சு ஒரே கரி. இதையும் மீறி ஒப்பேத்தி வாட்ஸ்அப்ல அனுப்பினா எழுத்தைச் சுத்தி ஈ மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா வருது. டெம்ப்ளேட், காதலி பக்கத்துல இருக்கும்போதே இன்னொரு பொண்ணைத் திரும்பிப் பாக்கற ஆளோட படம். காதலி மேல வர வேண்டிய வரி: “திங்கட்கிழமை காலைல சீக்கிரம் எழுந்து படிக்கணும்னு நான் போட்டு வெச்சிருந்த திட்டம்”.

கொம்புக்கால்
முதல் சிக்கல் ஃபான்ட் இல்ல, டெக்ஸ்ட் எஞ்ஜின், அதாவது எழுத்தை அடுக்கி வரையற மென்பொருள் பகுதி. யூனிகோடுல ‘கொ’ன்னா முதல்ல க, அப்புறம் ஒகரக் குறி, அவ்வளவுதான். அந்தக் குறியை ரெண்டாப் பிச்சு, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வெக்கற வேலை எஞ்ஜினோடது. ஃபோட்டோஷாப்ல பிரிஃபரன்சஸ், அதுல டைப் போங்க. பழைய வெர்ஷன்னா ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’, அதுக்குப் பின்னாடி வந்ததுன்னா ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’னு தேர்ந்தெடுங்க. நிறைய பேர் இதோட நிறுத்திட்டு “இன்னும் உடையுது”ன்னு வருவாங்க. ஏற்கெனவே அடிச்ச லேயர் தானா மாறாது. லேயரைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலோட மூலை மெனுவுல வேர்ல்ட் ரெடி கம்போசரையும் கிளிக் பண்ணணும். கிம்ப்ங்கற இலவச எடிட்டர்ல இந்தத் தலைவலியே கிடையாது, அடிச்சா நேரா வரும்.

இம்பாக்ட் 1965ல ஜெஃப்ரி லீ வரைஞ்ச ஃபான்ட். அதுல தமிழே இல்ல. நீங்க இம்பாக்ட்னு வெச்சாலும் சிஸ்டம் சத்தமில்லாம வேற தமிழ் ஃபான்டைத்தான் கொண்டு வந்து போடும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், முக்தா மலர், பலூ தம்பி 2 – எல்லாமே இலவசம், தடிச்ச வெயிட்டும் இருக்கு. கிண்டலுக்கு என் ஓட்டு பலூ தம்பிக்கு, அதோட உருண்டை வாகே பாதி சிரிப்பு.

தயவுசெஞ்சு பாமினிங்கற பழைய ஃபான்ட் பக்கம் போயிடாதீங்க. அது யூனிகோடு இல்ல. அதுல ‘அம்மா’ன்னு அடிச்சதை வேற ஆப்ல ஒட்டினா நாலு ஆங்கில எழுத்தும் நடுவுல ஒரு அரைப்புள்ளியும்தான் நிக்கும்.

ரெண்டடுக்கு
அவுட்லைனுக்கு வரேன். ஸ்ட்ரோக், அதாவது அவுட்லைன் கோடு, ‘சென்டர்’ல இருந்தா கோட்டுல பாதி எழுத்துக்கு உள்ளே போகும். ‘அவுட்சைடு’க்கு மாத்துங்க. அப்பவும் தமிழுக்குத் தனியா ஒரு கூத்து உண்டு. ‘கி’யைப் பெருசாக்கிப் பாருங்க, இகரக் குறி ககரத்து மேல ஏறி உக்காந்திருக்கும். சில டூல் ஒவ்வொரு உருவுக்கும் தனித்தனியா கோடு போடுறதால, அந்தக் குறியோட கருப்புக் கோடு ககரத்தோட வெள்ளை உடம்பைக் குறுக்க வெட்டும். வழி இதுதான்: டெக்ஸ்ட் லேயரை டூப்ளிகேட் பண்ணுங்க. கீழ் லேயர் கருப்பு, ஸ்ட்ரோக்கோட. மேல் லேயர் வெறும் வெள்ளை, ஸ்ட்ரோக் கிடையாது. எல்லா வெட்டும் மறைஞ்சிடும். வெப் பேஜ்ல மீம் மேக்கர் எழுதறவங்க சிஎஸ்எஸ்ல பெயின்ட் ஆர்டரை ‘ஸ்ட்ரோக் ஃபில்’னு வெச்சா இதே வேலை நடக்கும்.

அளவு: 1080 பிக்சல் அகலப் படத்துக்கு எழுத்து 64–72, கோடு 5. அதுக்கு மேல போனா ண-வோட சுழியெல்லாம் அடைச்சுக்கும். பிளாக் வெயிட் வேண்டாம், போல்ட் போதும். கோட்டு முனை ரவுண்டா இருக்கட்டும், கூரா இருந்தா வளைவு திரும்பற இடத்துல முள்ளு முளைக்கும். வரி இடைவெளியை எழுத்தளவுல 1.3 மடங்குக்குக் குறைக்காதீங்க. ஆங்கில மீமைப் பாத்து இறுக்கினீங்கன்னா மேல் வரி ‘ழு’வோட வால் கீழ் வரி ‘கீ’யோட தலையில குத்தும்.

சதுரப்புழுதி
அந்த ஈ மொய்க்கறது ஜேபெக்ங்கற பட ஃபார்மட்டோட வேலை. படத்தை 8×8 பிக்சல் கட்டமா வெட்டி ஒவ்வொண்ணையும் தனியா சுருக்கும். கருப்பும் வெள்ளையும் சட்டுனு மாறற இடத்தை அதால சுத்தமா வெச்சுக்க முடியாது, ஓரத்துல அலையடிக்கும். நிறத்துக்குப் பெரும்பாலும் அகலத்துலயும் உயரத்துலயும் பாதி ரெசல்யூஷன்தான். அதனாலதான் நீலத்து மேல சிவப்பு எழுத்து முதல்ல செத்துப்போகுது, கருப்பு வெள்ளை தாக்குப்பிடிக்குது.

செய்ய வேண்டியது: டெம்ப்ளேட்டை வேற யாரோ போட்ட மீம்லேர்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க, அது ஏற்கெனவே நாலஞ்சு தடவை வெந்த சோறு. வேலை முடியற வரைக்கும் பிஎன்ஜி. அனுப்பும்போது டாக்குமென்டா அனுப்பினா வாட்ஸ்அப் தொடாது. ஆனா குரூப்ல படம் விரிஞ்சு தெரியாது, யாரும் தொட்டுப் பாக்க மாட்டாங்க. அதுக்கு 2023ல வந்த எச்டி பட்டனே மேல். அதுவும் சுருக்கத்தான் செய்யும், கம்மியா.

ஒரு எச்சரிக்கை: அந்தப் படம் அன்டோனியோ கியெம் 2015ல எடுத்த ஸ்டாக் போட்டோ, மீமா வெடிச்சது 2017ல. காசுக்கு விக்கற படம்தான் அது. நண்பர்களுக்குள்ள சுத்தறது வேற, கடை விளம்பரத்துக்குப் போடறது வேற.

நறுக்
எல்லாரும் எழுத்தைச் செதுக்கறீங்க, அந்த வரியை யாரும் பாக்கலையா? ஒம்பது வார்த்தையை ஒரு முகத்துக்குப் பக்கத்துல திணிச்சா எந்த ஃபான்ட்டும் காப்பாத்தாது. இந்த டெம்ப்ளேட்டுக்கு வாக்கியமே ஆகாது, மூணு லேபிள்தான். கண்ணு இடப்பக்கம் தொடங்கும்: முதல்ல மங்கலாத் தெரியற சிவப்பு உடைப் பொண்ணு, நடுவுல திரும்பிப் பாக்கற ஆளு, கடைசில வாயைப் பிளந்து நிக்கற காதலி. சிரிப்பு அந்தக் கடைசி முகத்துல இருக்கு. அதனால:

“இன்னும் ஒரே ஒரு எபிசோடு” – “நான்” – “காலை 5 மணி அலாரம்”

“படிக்கணும்”, “திட்டம்”, “போட்டு வெச்சிருந்த” எல்லாம் அந்த 5 மணிக்குள்ளயே அடங்கிடுச்சு பாருங்க. லேபிளை நெஞ்சு மேல வைங்க, முகத்தை மறைச்சா மீம் காலி.

நீலமுயல்
@நறுக் வரியை அப்படியே எடுத்துக்கறேன். ரெண்டடுக்கு முறையும் வேலை செய்யுது. இதையே ஸ்டிக்கராப் போட முடியுமா?

ரெண்டடுக்கு
மூணு பேரையும் வெச்சா வேண்டாம், ஸ்டிக்கர்ல எழுத்து எறும்பு சைஸ் ஆகிடும். காதலி முகம் மட்டும் வெட்டுங்க. 512×512, வெப்பி ஃபார்மட், 100 கேபிக்குள்ள, பின்னணி டிரான்ஸ்பரன்ட். நாலு பக்கமும் 16 பிக்சல் விட்டுட்டு உருவத்தைச் சுத்தி 8 பிக்சல் வெள்ளைக் கோடு போடுங்க, இல்லன்னா டார்க் மோடுல முடி எங்க முடியுதுன்னே தெரியாது. ஒரு பேக்குக்குக் குறைஞ்சது 3 ஸ்டிக்கர் வேணும், அதனால அந்த ஆளையும் சிவப்பு உடையையும் தனியா வெட்டி வெச்சுக்கோங்க.

சதுரப்புழுதி
சிவப்பு உடைப் பொண்ணு ஃபோகஸ்லயே இல்ல தல, வெட்டினா ஓரம் பஞ்சு மாதிரி இருக்கும். ஓரத்தை மழுப்பற ஃபெதரை 2 பிக்சல் வெச்சு வெட்டுங்க, கூரா வெட்டினா ஒட்டு போட்டது பளிச்சுனு தெரியும்.