சுட்ட மக்னசைட்டும் ஆமணக்கெண்ணெயும்: எஸ்டர் ஆனதா, ஆகவில்லையா?

ஆத்தூர்_எண்ணெய்:

வணக்கம். பயோடீசல் நோக்கம் இல்லை. ஆமணக்கெண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து மீத்தைல் ரிசினோலியேட் என்ற எஸ்டரை எடுத்து, பிறகு அதைச் சூட்டில் உடைத்து ஹெப்டால்டிஹைடும் மீத்தைல் அண்டெசிலினேட்டும் பிரிக்க வேண்டும். கேட்டலிஸ்ட் (வினையூக்கி) உள்ளூர்ச் சரக்காக இருக்கட்டும் என்று சேலம் மாமாங்கம் பக்கம் கிடைக்கும் சுட்ட மக்னசைட் தூளை (மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு) எடுத்திருக்கிறோம்.

எண்ணெய் 500 கிராம், மெத்தனால் 130 மி.லி., தூள் 15 கிராம். ரிஃப்ளக்ஸ் போட்டு (ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப விழவிட்டு) 65 டிகிரியில் ஆறு மணி நேரம் கலக்கல். எண்ணெயின் ஆசிட் வேல்யூ (அதிலுள்ள தனி அமிலத்தின் அளவு) 6.

வடிகட்டிப் பிரிபுனலில் ராத்திரி முழுக்க விட்டும் ஒரே அடுக்குதான். அடியில் கிளிசரின் ஒரு சொட்டு இல்லை. ஆனால் 3 மி.லி. சரக்கை 27 மி.லி. மெத்தனாலில் விட்டுப் பார்க்கும் 3/27 சோதனையில் பளிச்சென்று கரைகிறது. அப்படியானால் எஸ்டர் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? மெத்தனாலை ஆவியாக ஓட்டிவிட்டுப் பார்த்தால் பழையபடி கெட்டி. இதே எண்ணெயில் 5 கிராம் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) போட்டால் அரை மணியில் கூழாகிவிடுகிறது. எங்கே தப்பு?

வெள்ளைக்கல்:

முதலில் அந்த 3/27 சோதனையை மறந்துவிடுங்கள். கடலை, புங்கம், சோயா போன்ற எண்ணெய்கள் மெத்தனாலில் கரையாது, அவற்றின் எஸ்டர் கரையும். அந்த வித்தியாசத்தை நம்பித்தான் அந்தச் சோதனையே. ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம், அதன் சங்கிலியில் ஒரு ஹைட்ராக்சில் (OH) தொங்குகிறது. அதனால் பச்சை எண்ணெயே மெத்தனாலில் கரையும். வினை நடக்காத எண்ணெயை விட்டாலும் சோதனை பாஸ் ஆகும்.

இனி உங்கள் தூள். சேலத்தில் "சுட்ட மக்னசைட்" என்று கேட்டால் இரண்டு சரக்கில் எது வேண்டுமானாலும் வரும். 700 முதல் 1000 டிகிரிக்குள் இளஞ்சூட்டில் சுட்டது ஒன்று. உலைச் செங்கல்லுக்காக 1500 டிகிரிக்கு மேல் போட்டு வாட்டிய டெட் பர்ன்ட் இன்னொன்று. இரண்டாவதில் படிகங்கள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டி, பரப்பே இல்லாமல் போயிருக்கும். தீச்செங்கல்லுக்கு அதுதான் வேண்டும், வினையூக்கிக்கு அது வெறும் மணல்.

எது உங்களிடம் இருக்கிறது என்று பார்க்க மில்காரர்கள் செய்யும் சிட்ரிக் சோதனை போதும். 100 மி.லி. தண்ணீரில் 2.8 கிராம் சிட்ரிக் ஆசிட் (மோனோஹைட்ரேட்), பினாப்தலீன் சில சொட்டு, வெப்பம் 30 டிகிரி. கலக்கிக்கொண்டே 2 கிராம் தூளை ஒரே வீச்சில் போட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் ரோஸ் நிறம் வந்தால் நல்ல இளஞ்சூட்டுச் சரக்கு. மூன்று முதல் ஐந்து நிமிடம் என்றால் கொஞ்சம் கடுமையாகச் சுட்டது. கால் மணி தாண்டினால் டெட் பர்ன்ட், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூளின் நயம் மாறினால் நேரமும் மாறும், ஆகவே இரண்டு சரக்கை ஒப்பிடும்போது ஒரே சல்லடையில் சலித்தது வேண்டும்.

மட்டமாக வந்தாலும் ஒரு வழி இருக்கிறது. 100 கிராம் தூளை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் நாலைந்து மணி நேரம் கொதிக்க விட்டால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறும். வடித்து 110 டிகிரியில் உலர்த்தி நிறுங்கள். முழுக்க மாறியிருந்தால் 145 கிராம் வரும். 115, 120 என்று நின்றால் பாதிகூட மாறவில்லை. அதை மஃபிள் உலையில் மெல்லிய படுகையாகப் பரப்பி 450 முதல் 500 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டால், கல்லிலிருந்து நேராகச் சுட்டதைவிடப் பரப்பு எக்கச்சக்கமாகக் கிடைக்கும். டெட் பர்ன்ட் சரக்கு இதற்கும் மசியாது.

உலையிலிருந்து எடுத்ததை டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடி) ஆறவைத்து அன்றே பயன்படுத்துங்கள். மக்னீசியாவின் காரத்தன்மை மேற்பரப்பில்தான் இருக்கிறது, காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் அந்த இடங்களைத்தான் முதலில் மூடும். மழைக்காலத்து ஏற்காட்டில் திறந்த தட்டில் வைத்துவிட்டு வினையை எதிர்பார்க்கவே கூடாது.

காரப்பக்கம்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எவ்வளவு நல்ல மக்னீசியாவானாலும் 65 டிகிரியில் அது சோம்பேறி. அதன் கார வலிமை குறைவு, மெத்தனாலிலிருந்து புரோட்டானைப் பிடுங்கி, வினையைத் தொடங்கும் மெத்தாக்சைடு ஆக்குவதே அதற்குச் சிரமம். 180 டிகிரியில் ஓடும், ஆனால் அந்தச் சூட்டில் மெத்தனாலின் அழுத்தம் 25 பாருக்கு மேல். ஆட்டோகிளேவ் (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்) இல்லாமல் ஆகாது. திட வினையூக்கியில் வணிக அளவில் நடக்கும் ஆலைகளும் இந்த வழிதான்: பிரான்சின் செட் நகரில் 2006இல் தொடங்கியதில் துத்தநாக அலுமினேட்டை 200 டிகிரி அளவில், உயர் அழுத்தத்தில் ஓட்டினார்கள்.

கண்ணாடிக் குடுவையில்தான் செய்ய வேண்டுமென்றால் மக்னீசியாவை விட்டுச் சுண்ணாம்புக்கு வாருங்கள். சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லையே 900 டிகிரியில் மூன்று மணி நேரம் சுட்டு, டெசிகேட்டரில் ஆறவைத்து உடனே மெத்தனாலில் போட்டுக் கால் மணி கலக்கிவிட்டு, அதன்பின் எண்ணெயை ஊற்றலாம். 500 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் சுண்ணாம்பு, மெத்தனால் 200 மி.லி. நீங்கள் போட்ட 130 மி.லி. என்பது ஒரு மூலக்கூறு எண்ணெய்க்கு ஆறு மெத்தனால் என்ற மோல் கணக்கு. கரைந்த காரத்துக்கு அது போதும், திடக் காரத்துக்குக் குறைந்தது ஒன்பது வேண்டும். 

அதற்கு முன் அந்த ஆசிட் வேல்யூ. உங்கள் கூழுக்குக் காரணம் அதில்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆசிட் வேல்யூ 6 என்றால் கிராமுக்கு 6 மில்லிகிராம் பொட்டாஷ். 500 கிராமுக்கு 3 கிராம். கடையில் வாங்கும் செதிலில் பொட்டாஷ் 85 சதவீதம்தான், ஆக நீங்கள் போட்ட 5 கிராமில் உண்மையான சரக்கு 4.25. அதில் 3 கிராம் சோப்பாகப் போய்விட்டது. வினைக்கு மிஞ்சியது ஒன்றேகால் கிராம், கூடவே 18 கிராம் ரிசினோலியேட் சோப்பு. அந்தச் சோப்பு படு கெட்டிக்கார எமல்சிஃபையர். எஸ்டரையும் கிளிசரினையும் பிரியவே விடாது. சுண்ணாம்பு போட்டாலும் இதே அமிலம் ஒன்றரை கிராமைத் தின்று கால்சியம் சோப்பாகிக் கலங்கலாக நிற்கும்.

அமிலத்தை இறக்க ஆம்பர்லிஸ்ட் 15 மாதிரி சல்போனிக் ரெசின் (திட அமில வினையூக்கி) நல்லது. ஈரமாகத்தான் வரும், மெத்தனாலில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு 25 கிராம் போடுங்கள். 60 டிகிரி, மெத்தனால் 200 மி.லி. மணிக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து மெத்தனாலை ஓட்டிவிட்டு, மிஞ்சும் எண்ணெயில் 10 கிராமை 50 மி.லி. நடுநிலையாக்கிய ஸ்பிரிட்டில் கரைத்து 0.1 நார்மல் பொட்டாஷால் டைட்ரேட் செய்யுங்கள். இப்போது 10.7 மி.லி. பிடிக்கும். 1.8 மி.லி.க்குக் கீழ் வந்ததும் நிறுத்தலாம், ஆசிட் வேல்யூ 1க்குக் கீழ் வந்துவிட்டது. ரெசினை வடித்துவிட்டு, மெத்தனாலோடு உண்டான தண்ணீரையும் வெற்றிடத்தில் ஓட்டிவிட வேண்டும். சூட்டைக் கூட்டி வேகப்படுத்த நினைக்காதீர்கள். ரிசினோலிக்கின் ஹைட்ராக்சிலே இன்னொரு அமிலத்தைப் பிடித்து எஸ்டோலைடாகிவிடும். ஆசிட் வேல்யூ இறங்கும், சரக்கு கெட்டிப்படும். கந்தக அமிலமும் ஆசிட் வேல்யூவை இறக்கும், ஆனால் மிச்சம் நிற்கும் அமிலம் அடுத்து வரும் காரத்தைக் கொன்றுவிடும்.

ஆத்தூர்_எண்ணெய்:

தெளிவாகிவிட்டது, ரொம்ப நன்றிங்க. சிட்ரிக் சோதனையில் ஐந்து நிமிடம் நெருங்கித்தான் நிறம் வந்தது. எண்ணெய் செக்கில் ஆட்டியது இல்லை, கொட்டையை வறுத்து இடித்துத் தண்ணீரில் காய்ச்சி எடுத்தது. அது பாதிக்குமா? இன்னொன்று: மக்னீசியத்தோடு அலுமினியம் சேர்த்த ஹைட்ரோடால்சைட் பற்றிப் படித்தோம். மக்னசைட் இங்கே, பாக்சைட் சேர்வராயன் மலையில். இரண்டையும் வைத்தே செய்ய முடியாதா? எஸ்டர் ஆனதை எப்படி உறுதி செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

வெள்ளைக்கல்:

காய்ச்சி எடுத்த எண்ணெயில் தண்ணீர் கட்டாயம் இருக்கும், ஆசிட் வேல்யூ 6 ஆனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். 105 டிகிரிக்குக் கொண்டுபோய் நுரை அடங்கும்வரை கலக்குங்கள், பிறகு வெற்றிடத்தில் அரை மணி. ஈரம் 0.1 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டும்.

பாக்சைட் யோசனை கேட்க நன்றாக இருக்கிறது, செய்ய நன்றாக இராது. சேர்வராயன் பாக்சைட் கிப்சைட் (அலுமினியம் ஹைட்ராக்சைடு) வகை, சூடான காஸ்டிக்கில் கரையும். இரும்பு சிவப்புச் சேறாக நின்றுவிடும். கிடைக்கும் சோடியம் அலுமினேட்டை வைத்து ஹைட்ரோடால்சைட் வீழ்த்தவும் முடியும். ஆனால் சோடியத்தைக் கழுவி எடுப்பதற்குள் சில கிராம் அலுமினாவுக்காக ஒரு வாரம் போய்விடும். அலுமினியம் நைட்ரேட் வாங்கிவிடுங்கள். மக்னீசியத்தை மட்டும் உங்கள் தூளிலிருந்து எடுக்கலாம்.

7 கிராம் தூளை நூறு மி.லி. தண்ணீரில் குழப்பி, 69 சதவீத நைட்ரிக் அமிலம் 19 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விடவும். சூடாகும், ஃப்யூம் ஹூடில் வைத்துச் செய்யுங்கள். தூள் சிறிது கரையாமல் மிஞ்ச வேண்டும். அப்போதுதான் பிஎச் உயர்ந்து இரும்பு பழுப்பாக வீழ்ந்து, சிலிக்காவோடு வடிதாளில் தங்கும். அமிலம் மிஞ்சினால் இரும்பும் கரைசலிலேயே இருந்து கடைசியில் பொடி பழுப்பேறும். தெளிந்த வடிநீரில் அலுமினியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 18.8 கிராம் சேர்த்து 200 மி.லி. ஆக்குங்கள். மக்னீசியம் மூன்று, அலுமினியம் ஒன்று.

இன்னொரு பக்கம் 17.5 கிராம் காஸ்டிக் சோடா, 10.6 கிராம் சோடியம் கார்பனேட், தண்ணீர் 200 மி.லி. இரண்டு கரைசலையும் 60 டிகிரியில் ஒரே நேரத்தில் சொட்டவிட்டு பிஎச்சை 10இல் நிறுத்துங்கள். 9க்கு இறங்கினால் மக்னீசியம் முழுதாக வீழாது. 65 டிகிரியில் ஒரு ராத்திரி ஊறட்டும். பிறகுதான் அலுப்பான வேலை: கழுவிய தண்ணீரின் பிஎச் 7 ஆகும்வரை சூடான தண்ணீரால் கழுவ வேண்டும். இங்கே சோம்பினால் ஒட்டியிருக்கும் சோடியம் முதல் வினையில் அருமையாக ஓடும், அடுத்ததில் செத்துவிடும். நீங்கள் ஹைட்ரோடால்சைட்டைத்தான் சோதிக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். உலர்ந்தால் 15 கிராம் வரும், 450 முதல் 500 டிகிரியில் ஐந்து மணி சுட்டால் எட்டரை. உங்கள் 500 கிராம் எண்ணெய்க்கு இதில் இரண்டு பங்காவது வேண்டும். வேகம் மக்னீசியாவைவிட நன்று, சுண்ணாம்பை எட்டாது.

காரப்பக்கம்:

உறுதி செய்ய எளிய வழி பாகுநிலை. 40 டிகிரியில் ஆமணக்கெண்ணெய் சுமார் 250 சென்டிஸ்டோக்ஸ், மீத்தைல் ரிசினோலியேட் 15 பக்கம். ஒரே பிப்பெட்டில் இரண்டும் இறங்கும் நேரத்தை எடுத்தாலே தெரியும். ஆனால் மெத்தனாலை முழுக்க ஓட்டியபின் பாருங்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் பொய்யாக இளகும். மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபி (பொருள்களைத் தகட்டில் பிரித்துக் காட்டும் சோதனை) செய்தால் வழக்கமான ஹெக்சேன் 80, ஈதர் 20 கலவையில் ஹைட்ராக்சி எஸ்டர் அடியிலேயே நின்றுவிடும். 60க்கு 40, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு என்று மாற்றுங்கள்.

வேலை செய்வது திடமா, அதிலிருந்து கரைந்த காரமா என்று பார்க்க, அரை மணியில் பாதிச் சரக்கைச் சூடாகவே வடித்து வேறு குடுவையில் தொடர்ந்து கலக்குங்கள். திடம் இல்லாத குடுவையிலும் வினை முன்னேறினால் கசிவு இருக்கிறது. சுண்ணாம்பில் ஓரளவு கசிவு உண்டு, பொட்டாஷ் ஏற்றிய மக்னீசியாவில் நிச்சயம் உண்டு.

கிளிசரின் பிரிவதும் ஆமணக்கில் தானாக நடக்காது. எஸ்டரிலேயே ஹைட்ராக்சில் இருப்பதால் மெத்தனால் இருக்கும்வரை மூன்றும் ஒன்றாகவே நிற்கும். வினையூக்கியை வடித்து, கரைந்த கால்சியத்தைச் சிட்ரிக் அமிலத்தால் நடுநிலையாக்கி, அதன் பிறகு மெத்தனாலை ஓட்டுங்கள். காரம் இருக்கும்போதே ஓட்டினால் எஸ்டரும் கிளிசரினும் திரும்பச் சேர்ந்து பழைய எண்ணெய்போலக் கிளிசரைடாகிவிடும். அதற்கும் பிரியாவிட்டால் ஹெக்சேன் ஊற்றுங்கள். எஸ்டர் மேலே போகும், கிளிசரின் அடியில் இறங்கும். கழுவுவதற்கு வெறும் தண்ணீர் வேண்டாம், பத்து சதவீத உப்புநீர் வெதுவெதுப்பாக.

என் கருத்து ஒன்று. உடைப்பதற்காக எஸ்டர் மட்டும் வேண்டும் என்றால் அமிலம் நீக்கிய எண்ணெயில் அரை சதவீதம் சோடியம் மெத்தாக்சைடு போட்டால் 40 டிகிரியில் ஒரு மணியில் முடியும். எண்ணெய் மெத்தனாலில் கரைவதால் மற்ற எண்ணெய்களைவிட ஆமணக்கு இதில் சுலபம். திட வினையூக்கியின் லாபம் கழுவும் வேலை குறைவது. அந்த லாபத்துக்காகச் செய்கிறீர்களா, உள்ளூர்க் கல் என்பதற்காகவா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மலைக்காற்று:

மெத்தனால் வாங்கவும் இருப்பு வைக்கவும் உரிமம் வேண்டும். 2024 கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு கேட்பார்கள், பதிவேட்டில் லிட்டர் கணக்கு சரியாக இருக்கட்டும். அதன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது, ரிஃப்ளக்ஸுக்குக் கேஸ் அடுப்பு கூடவே கூடாது.

ஆத்தூர்_எண்ணெய்:

உரிமம் இருக்குங்க. சுடுவது மின்சார மேன்டிலில்தான். கடைசியாக ஒன்று: உடைக்கும் கட்டத்துக்குப் போகுமுன் எஸ்டரில் என்ன பார்க்க வேண்டும்? சுண்ணாம்பைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

காரப்பக்கம்:

எஸ்டரை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து எடுத்துவிட்டு உடையுங்கள். கிளிசரைடோ, கால்சியமோ, சோடியமோ கொஞ்சம் இருந்தாலும் 500 டிகிரிக் குழாயில் முதலில் கரி படியும், பிறகு அடைக்கும். உடைப்பது வினையூக்கி வேலை இல்லை, வெறும் சூடு. 450 முதல் 550 டிகிரி, நீராவி கலந்து, சில நொடிகள் மட்டும். 100 கிராமுக்கு அதிகபட்சம் 36.5 கிராம் ஹெப்டால்டிஹைடு, 63.5 கிராம் அண்டெசிலினேட். உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். முதலாவது 153 டிகிரியில் கொதிக்கும், பிரிப்பது சுலபம். ஆனால் காற்றுப்பட்டால் அமிலமாகும், நைட்ரஜன் போட்டு மூடி வையுங்கள்.

சுண்ணாம்பை மெத்தனாலில் அலசித் திரும்பப் போடலாம், வேகம் குறையும். 900 டிகிரியில் மறுபடி சுட்டால் மீளும், ஆனால் ஒவ்வொரு முறையும் கசிந்ததுபோக எடை குறைந்திருக்கும், நிறுத்துப் போடுங்கள். சங்ககிரிக் கல்லின் விலைக்கு இதெல்லாம் தேவையா என்றால், ஹைட்ரோடால்சைட்டுக்குத் தேவை, சுண்ணாம்புக்கு இல்லை.