கீரிப்பாறையில் பார்த்தது அந்த 'அழிந்துபோன' ஆர்க்கிட்தானா?

கேள்வி: குமரி மாவட்டத்துக் கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில், ஓடையோரப் பாறையில் ஒரு மஞ்சள் பூ. கீழிதழ் பை மாதிரி. அட்டை ஏறிய பதற்றத்தில் கை ஆடி, படம் மங்கிவிட்டது. அகத்தியமலையின் டுரூரி ஆர்க்கிட் இதுதானா அண்ணாச்சி?

பதில் 1: தம்பி, பாபியோபெடிலம் டுரூரியை 1865இல் கர்னல் டுரூரி கண்டெடுத்தார். அப்புறம் வெகுகாலம் கண்ணில் படாததால் அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1972இல் மறுபடி கிடைத்தது. தென்னிந்தியாவில் இந்தச் 'செருப்பு ஆர்க்கிட்' இனத்தில் இது ஒன்றுதான். மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும். ஆனால் அது ஆயிரம் மீட்டருக்கு மேலே, வெயில் படும் புல்சரிவில் வளர்வது. ரப்பர் அவ்வளவு உயரம் ஏறாதே! பூவுக்குப் பின்னால் வால் இருந்ததா?

கேள்வி கேட்டவர்: வளைந்த சின்ன வால் இருந்தது. கோடு ஞாபகமில்லை.

பதில் 1: அப்போ காசித்தும்பைச் சாதி. செருப்பு ஆர்க்கிட்டுக்கு வால் கிடையாது.

பதில் 2: எதுவானாலும் இடத்தை இப்படி எழுதாதீர்கள் மக்கா. டுரூரியைப் பிடுங்கி விற்றுத்தான் அந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, படத்தை எடுத்துவிடுகிறேன். எப்படியும் அதில் என் கட்டைவிரல்தான் தெளிவு.